ஓங்கோல் சபை: யார் எழுதிய வரலாறு?

1878 ஜூலை 3. ஆந்திரத்தில் ஓங்கோலுக்குப் பக்கத்தில், வெல்லம்பள்ளி என்கிற இடத்தில், குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர்கள். செருப்புத் தைத்தவர்கள், தப்பு அடித்தவர்கள், செத்த மாடு தூக்கியவர்கள். பாப்டிஸ்ட் மிஷன் வரலாறு எழுதிய யாரும் இந்த எண்ணைத் தவறவிட்டதில்லை. 2,222 என்பது சொல்லும்போதே நாவில் நிற்கிற எண். அன்றைக்கு ஆற்றில் இறங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் போதகர்கள் கையில் இருந்திருக்கும். வரலாற்றில் ஏறியது எண் மட்டும்தான்.

எனக்கு இந்த எண்ணின் மேல் ஒரு கோபம் உண்டு. அதற்குக் காரணம் ஓங்கோல் அல்ல, எங்கள் ஊர். சில வருடங்களுக்கு முன் எங்கள் சேரிக் கோயிலுக்கு நூற்றாண்டு விழா வந்தது. மலர் போட்டார்கள். 'படிச்ச புள்ள நீ, சபை வரலாறு நீயே எழுதிக் குடு' என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். மலர் கைக்கு வந்தபோது வெள்ளைக்காரத் துரைமார் படம் ஆறு பக்கம் இருந்தது. சபை வளர்ந்த கணக்கு இருந்தது: எத்தனை குடும்பம், எத்தனை ஞானஸ்நானம், எத்தனை ரூபாய் காணிக்கை. எங்கள் தாத்தாமார் பறையைக் கீழே போட்ட கதை, அதற்காக ஊரார் கிணற்றை அடைத்த கதை, இரண்டும் இல்லை. கேட்டதற்கு, 'அதெல்லாம் எதுக்கு தம்பி, பழசு, அசிங்கம்' என்றார் ஒரு பெரியவர். அவரும் நம்ம ஆள்தான். அவருடைய அப்பாவும் பறை அடித்தவர்தான்.

அந்தக் கோபத்தோடுதான் மூன்று புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றுமே ஏறக்குறைய ஒரே மண்ணையும் ஒரே பஞ்சத்தையும் பேசுகிறவை. முதல் இரண்டும் எம்மா ரௌஷன்புஷ் கிளஃப் என்ற மிஷனரிப் பெண் எழுதியவை. 'வைல் சூயிங் சாண்டல்ஸ்' 1899இல் வந்தது; 'செருப்புத் தைக்கையிலே' என்று தமிழில் சொல்லலாம். 'சோஷியல் கிறிஸ்டியானிட்டி இன் தி ஓரியண்ட்' 1914இல் வந்தது. அவருடைய கணவர் ஜான் கிளஃப் சொல்லச் சொல்ல எழுதிய தன்வரலாறு. மூன்றாவது, தெலுங்கில் ஜி. கல்யாணராவ் 2000இல் எழுதிய 'அண்டரானி வசந்தம்' நாவல். ஏ.ஜி. எத்திராஜுலு மொழிபெயர்ப்பில் 'தீண்டாத வசந்தம்' என்று தமிழுக்கும் வந்துவிட்டது. முதல் இரண்டையும் மிஷன் புத்தகம் என்று தலித் வாசகர்கள் ஒதுக்குகிறார்கள். மூன்றாவதை நக்சல்பாரி நாவல் என்று சபைக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

1

மிஷன் சொல்லும் கதை சுருக்கமாக இது. அமெரிக்க பாப்டிஸ்டுகள் 1836இல் தெலுங்கு நாட்டுக்கு வந்தார்கள். 1840இல் நெல்லூரில் நிலைத்தார்கள். ஆண்டுகள் போயின, ஆள் சேரவில்லை. மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப விவாதித்தார்கள். 1853இல் சாமுவேல் ஸ்மித் என்பவர் இந்த மிஷனை ஒற்றை நட்சத்திரமாக வைத்துக் கவிதை எழுதினார். 'ஒற்றை நட்சத்திர மிஷன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1854 புத்தாண்டு விடியலில் ஓங்கோல் குன்றின் மேல் ஐந்து பேர் ஜெபித்தார்கள். 1865இல் கிளஃப் இந்தியா வந்தார். 1867 ஜனவரி 1இல் எட்டு உறுப்பினர்களோடு ஓங்கோல் சபை தொடங்கியது. பிறகு பஞ்சம், பிறகு 1878. அந்த ஆண்டின் பின்பாதியில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஸ்நானம். உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று மிஷன் ஏடுகள் கொண்டாடின.

இந்தக் கதையில் ஜெபம் விதை, வெள்ளைக்காரர் உழவர், மாதிகர்கள் அறுவடை. விளைச்சலுக்குப் பேச்சு கிடையாது. குன்றின் மேல் ஜெபித்த ஐந்து பேரில் இருவர் ஜூவெட் தம்பதி. மற்ற மூவர் தெலுங்கர்: நர்சு என்ற போதகர், ஜூலியா, ரூத் என்ற இரண்டு பெண்கள். அந்த இடத்துக்கு 'ஜெபக் குன்று' என்று பெயர் வந்து, கதை பரவியபோது ஜூவெட் நின்றார், ரூத்தும் ஜூலியாவும் ஒரு வரியில் முடிந்தார்கள். கல்யாணராவின் நாவலில் மொத்தக் கதையையும் நினைத்து நினைத்துச் சொல்கிற கிழவியின் பெயரும் ரூத். தற்செயலா, தெரிந்து வைத்ததா என்பது முக்கியமில்லை. ஒரு வரியில் முடிந்த பெயருக்கு நூறு வருடம் கழித்து ஒரு முழு நாவல் வாய் கொடுத்திருக்கிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

2

எம்மாவின் புத்தகங்களை அப்படியே தள்ளிவிட முடியாது என்பதற்குக் காரணம் எர்ரகுண்ட்ல பேரய்யா.

பேரய்யா மாதிகர். தோல் வியாபாரம் செய்தவர். ஓங்கோலில் கிளஃப் வீடு போடும் முன்பே ராஜயோகம் கற்றவர். அவருக்குக் கற்பித்தவர் வீரம்மா என்ற பெண் குரு. சேரிகளில் பேரய்யாவே குருவாக மதிக்கப்பட்டவர். மிஷன் அவரைத் தேடிப் போகவில்லை. உறவினர் ஒருவர் மூலம் செய்தி கேட்டு, அவர்தான் மிஷனைத் தேடி வந்தார். 1866இல் ஸ்நானம் பெற்றார். அவரும் மனைவி நாகம்மாவும் ஊர் ஊராக நடந்தார்கள். செருப்புத் தைக்கிற திண்ணைகளில் உட்கார்ந்து பேசினார்கள். ஏற்கெனவே இருந்த சீடர் வலைமேல், ஏற்கெனவே இருந்த உறவுமுறைமேல், ஏற்கெனவே இருந்த மாதிகப் பஞ்சாயத்தின்மேல்தான் சபை ஏறியது. கிளஃப்பே இதைத் தன்வரலாற்றில் ஒத்துக்கொள்கிறார். தனித்தனி ஆளாகப் பிடுங்கி எடுப்பதைவிட, குடும்பம் குடும்பமாக, பெரியவர்கள் சொல் கேட்டு, சேரி சேரியாக வருவதை ஏற்பதே சரி என்று தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். தாய்நாட்டுச் சபைத் தலைவர்கள் சிலர் அதற்காக அவரைக் குறை சொன்னார்கள்.

இது முக்கியமான வாக்குமூலம். மாதிகர்கள் காலி நிலம் அல்லர். அவர்களுக்குக் குருமரபு இருந்தது, அதில் ஒரு பெண் குருவாக இருக்க இடமிருந்தது, சாதிக்குள் வழக்குத் தீர்க்கும் அமைப்பு இருந்தது. இவை இல்லாமல் ஓங்கோல் சபை இல்லை. 'கிளஃப் மாதிகர்களை மாற்றினார்' என்பதைவிட 'மாதிகர்கள் கிளஃப்பை மாற்றினார்கள்' என்பது உண்மைக்குக் கிட்ட வருகிறது. எம்மாவின் எழுத்து இந்த உண்மையைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ஆனால் மிஷன் அதை வாசித்த விதம் வேறு. வீரம்மாவும் ராஜயோகமும் கிறிஸ்துவுக்கு முன்னேற்பாடாகச் சுருங்கிப்போனார்கள். நம் கதை எப்போதும் இன்னொருவர் கதைக்கு முன்னுரையாகத்தான் அச்சேறுகிறது.

3

சேர வந்த மாதிகர்களிடம் கிளஃப் மூன்று நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. செத்த மாட்டுக் கறி தின்னக் கூடாது. சிலை வணக்கம் கூடாது. மிஷன் எழுத்தில் இவை ஒழுக்க விதிகள். நான் இவற்றை வேறு மாதிரி படிக்கிறேன். எனக்கு அப்படிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது என் பாட்டி.

பாட்டி சொல்லும்: 'ஞாயித்துக்கெழம களத்துக்கு வரமாட்டம்னு சொன்னதுக்கு எங்கப்பன மரத்துல கட்டி வச்சு அடிச்சானுவ. சேசுவக் கும்பிட்டதுக்கா அடிச்சானுவ? அவனுவளுக்கு எந்தச் சாமியக் கும்பிட்டா என்ன. வேலைக்கு வரல, அதுக்கு அடிச்சானுவ.'

பாட்டி எங்கள் ஊர்க் கதையைத்தான் சொன்னது. ஆனால் ஓங்கோலைத் திறக்கிற சாவி அதில் இருக்கிறது. தெலுங்குக் கிராமத்தில் மாதிகர் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு விவசாயி வீட்டோடு கட்டப்பட்டது. செருப்பு, ஏர்வார், நீர் இறைக்கும் தோல் சால் எல்லாம் செய்து கொடுக்க வேண்டும். அறுப்பில் கொஞ்சம் தானியம் கிடைக்கும். இதற்கு மேல் கூப்பிட்டபோது ஓட வேண்டிய வெட்டி வேலை. இதில் 'வாரத்தில் ஒரு நாள் வரமாட்டேன்' என்று சேரியே ஒரே வாயாகச் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? நாம் இன்றைக்கு அதை வேலைநிறுத்தம் என்போம். சிலை வணக்கம் கூடாது என்றால், ஊர்த் திருவிழாவில் தப்பு அடிக்க மாதிகன் வரமாட்டான் என்று அர்த்தம். திருவிழாவே நடக்காது. மூன்று விதிகளும் ஊரின் மூன்று இடங்களில் கை வைத்தன: வயல், தோல், கோயில். அதனால்தான் அடி விழுந்தது, வழி மறிக்கப்பட்டது, கிணறு அடைபட்டது. ஆசாரம் மாறியதற்காக எந்த ரெட்டியும் கம்மாவும் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் மலர் எழுதுகிறவனாகிவிடுவேன். விதியை வைத்தவர் யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 1927இல் மகாடில் அம்பேத்கரும் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். சொன்னவர் நம்மில் ஒருவர். சொன்ன காரணம் தன்மானம். ஓங்கோலில் அது சபைக்குள் நுழையக் கட்டணம். கறியோடு தப்பும் போயிற்று. அடிமை வேலையாக அடித்த தப்பு போனது விடுதலைதான். ஆனால் நம் சாவுக்கும் நம் கல்யாணத்துக்கும் நாமே அடித்த தப்பும், அதோடு பாட்டும் கூத்தும், சேர்ந்தே பாவமாயின. 'தீண்டாத வசந்தம்' இங்கேதான் மிஷன் புத்தகங்களை எதிர்த்துப் பேசுகிறது. அதில் எல்லண்ணா கலைஞன். பாட்டும் ஆட்டமும்தான் அவன் அறிவு, அவன் சண்டை. மதம் வரும் முன்பே அந்தச் சனத்துக்கு ஒரு வசந்தம் இருந்தது, அதை யாரும் தீண்டவில்லை என்பதுதான் நாவலின் வாதம். மூன்று நிபந்தனைகளால் நாம் எதைப் பெற்றோம் என்று கிளஃப் எழுதினார். எதைக் கொடுத்துவிட்டுப் பெற்றோம் என்று கல்யாணராவ் எழுதினார்.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. பறையைத் தூக்கிப் போடுவது விடுதலையா, தூக்கிப் பிடிப்பது விடுதலையா என்று நம் கூட்டங்களில் விடிய விடியப் பேசியிருக்கிறோம். இரண்டுமே விடுதலைதான், யார் சொல்லி யாருக்காக என்பதைப் பொறுத்தது என்று இப்போது எனக்குப் படுகிறது. அடிக்கமாட்டேன் என்று சொல்ல முடியாதவனுக்கு அடிக்கிற உரிமையும் இல்லை.

4

பஞ்சத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் எரிந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்ட பஞ்சம் அது. அந்த நிவாரண வேலைகளில் ஒன்று பக்கிங்காம் கால்வாய். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு அப்போது வெட்டியதுதான். இன்றைக்குச் சாக்கடையாக ஓடுகிற அந்தக் கால்வாயைத் தாண்டிப் போகிற தமிழர்கள், இது பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் கை வேலை என்று நினைப்பதில்லை.

கிளஃப் மிஷனரியாகும் முன் அமெரிக்காவில் நில அளவைக்காரர். கால்வாயில் சில மைல் நீளத்தை ஒப்பந்தம் எடுத்தார். தன் போதகர்களை மேற்பார்வைக்கு வைத்தார். மற்ற ஒப்பந்தங்களில் மாதிகர்களை அடித்து விரட்டினார்கள். இங்கே வேலையும் கூலியும் கிடைத்தன. ஓய்வு நேரத்தில் போதகர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணராவ் அதே கால்வாயைக் காட்டுகிறார். பசியோடு நடந்து வந்த சிவய்யாவும் அவன் மனைவியும் தீண்டத்தகாதவர்கள் என்பதற்காக அங்கிருந்து விரட்டப்படுகிறார்கள். மண் வெட்டுகிற இடத்திலும் தீட்டு. அவர்களைத் தூக்கி நிறுத்துபவர் மார்ட்டின் என்ற கிறிஸ்தவர். அவரும் நம் சனம். வெள்ளைத் துரை அல்ல. சிவய்யா பிறகு சைமன் ஆகிறான். இங்கே மிஷன் புத்தகமும் நக்சல் நாவலும் ஒரே சாட்சி சொல்கின்றன. இரண்டுக்கும் ஒத்துவராதவர்கள் இருவரும் ஒன்றைச் சொன்னால் அதை நம்பலாம்.

'சோத்துக்கு மதம் மாறினவனுங்க' என்ற வசவை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஓங்கோல் கணக்கு அதற்குப் பதில் சொல்கிறது. பஞ்சம் உச்சத்தில் இருந்த பதினைந்து மாதம் கிளஃப் யாருக்கும் ஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்கு வந்தவர்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. நிவாரணப் பணம் தீர்ந்தது, இனித் தர ஒன்றுமில்லை என்று சொல்லியும் சனம் போகவில்லை. பிறகுதான் ஆறு. அன்றைக்கு முழுக்குக் கொடுத்தவர் கிளஃப்கூட இல்லை. ஆறு தெலுங்குப் போதகர்கள் இருவர் இருவராக முறைவைத்துத் தண்ணீரில் நின்றார்கள். மூன்று நாளில் 3,536 பேர்.

ஆனால் எனக்கு இந்தப் பதிலும் போதவில்லை. சோற்றுக்காகத்தான் மாறினோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன குற்றம்? பசித்தவனுக்குச் சோறு போடாத சாமியை விட்டு, போட்ட சாமியிடம் போனது வெட்கக்கேடு என்றால், வெட்கப்பட வேண்டியது யார்? நாம் சாகும்போது தானியக் குதிர்களைப் பூட்டி வைத்தவர்களின் வாரிசுகள் நம் பாட்டனின் விசுவாசத்தைச் சோதிக்க உரிமை பெறவில்லை.

5

ஓங்கோல் புத்தகங்களில் இன்னொரு காட்சி உண்டு. பிராமணர்களும் மேல்சாதியாரும் கிளஃப்பிடம் நெருங்கி வந்தார்கள். மாதிகர்களைச் சேர்க்காமலிருந்தால் நாங்கள் இருக்கிறோம் என்பது பேச்சு. கிளஃப்பும் முதல் மனைவி ஹாரியட்டும் தனித்தனி அறையில் வேதத்தைத் திறந்தார்கள். இருவர் கைக்கும் வந்தது கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், முதல் அதிகாரம். எளியவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்கிற இடம். மாதிகர்கள் உள்ளே வந்தார்கள், மேல்சாதியார் வெளியே போனார்கள். அற்புதமாகச் சொல்லப்படுகிற இந்தக் கதையில் எனக்கு அற்புதம் முக்கியமில்லை, முடிவு முக்கியம். இதே முடிவைத் தமிழகத்தில் எத்தனை சபைகள் எடுத்தன? நமக்குத் தனி இருக்கை, தனிக் கல்லறை, நடுவில் சுவர். 2008இல் எறையூரில் ரத்தம் சிந்திய பிறகும் அந்தச் சுவர் எல்லா ஊரிலும் விழுந்துவிடவில்லை.

ஓங்கோல் சபையும் ஒரு சுவரைத் தாண்டவில்லை. பாப்டிஸ்ட் என்றால் பெரும்பாலும் மாதிகர், லூத்தரன் என்றால் பெரும்பாலும் மாலர் என்று அந்தப் பக்கத்தில் மிஷன்கள் சாதிவழி பிரிந்து நின்றன. ஒரே ஆற்றில் முழுகியவர்கள் ஒரே பந்தியில் உட்காரவில்லை. அந்தப் பிரகாசம் மாவட்டத்தில்தான் 1985 ஜூலை 17இல் காரம்சேடு நடந்தது. ஆறு மாதிகர்களைக் கொன்றார்கள். ஞானஸ்நானப் பெயர் வைத்திருந்தவர்களை அந்தப் பெயர் காப்பாற்றவில்லை. அதே மாவட்டத்தில், ஈதுமூடி என்ற கிராமத்தில்தான் 1994இல் மாதிகா தண்டோரா பிறந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1இல் சொல்ல முப்பது வருடம் ஆயிற்று. மாதிகர்களின் உறவான நம் அருந்ததியர்களுக்கு 2009இல் கிடைத்த மூன்று சதவீதமும் இந்தக் கதையின் கிளைதான். சபை 'வளர்ச்சி' எழுதுகிறவர்கள் யாரும் இவற்றை அந்த வரலாற்றின் தொடர்ச்சியாக எழுதுவதில்லை. தப்பைக் கீழே போடச் சொன்ன மண்ணிலிருந்து தண்டோரா, அதாவது தப்படித்து ஊருக்குச் சொல்வது, இயக்கத்தின் பெயராக எழுந்தது. இதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எழுத முடியாது.

அரசாங்கத்தின் கணக்கும் பாக்கி. 1950 ஆணைப்படி கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் கதவு திறந்தது. கொல்ல வருகிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்பதில்லை; சான்றிதழ் கொடுக்கிறவன் கேட்கிறான். குண்ட்லகம்மாவில் இறங்கியவர்களின் கொள்ளுப்பேரன்கள் பலர் இதனாலேயே வீட்டில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர் என்று வாழப் பழகினார்கள். அன்றைக்குப் பெயரில்லாமல் எண்ணானவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்.

6

எனவே சபை வரலாறு எழுத உட்காருகிற தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். துரைமார் எழுதியதை எரிக்க வேண்டாம். அதற்குள் பேரய்யாவும் நாகம்மாவும் வீரம்மாவும் இருக்கிறார்கள். நாம் தேடவில்லையென்றால் வேறு யாரும் தேடமாட்டார்கள். அங்கே 'ஒழுக்கம்' என்று எழுதியிருக்கிற இடத்தில் நிறுத்தி, இது யாருடைய வேலையை மறுத்தது என்று கேளுங்கள். 'வளர்ச்சி' என்று எழுதியிருக்கிற இடத்தில் நிறுத்தி, இதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேளுங்கள். சபைப் பதிவேடுகளில் செல்லரித்தது போக மிச்சமிருக்கிற பெயர்களைப் படியெடுங்கள். கிழவிகள் உயிரோடிருக்கும்போதே போய் உட்காருங்கள்.

எங்கள் மலரில் வெட்டப்பட்ட பக்கத்தில் ஒரு சங்கதி இருந்தது. பறையைப் போட்ட அன்றைக்கு என் கொள்ளுத்தாத்தா அதை உடைக்கவில்லையாம். பாட்டி சொன்னது: 'தோலக் கழட்டிட்டு சட்டத்தப் பரண்மேல போட்டுட்டாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். இருக்கட்டும், நமக்குன்னு அடிக்கிற நாள் வரும்னாரு.' சபை வரலாற்றில் அதற்கு இடமில்லை என்று சொன்னார்கள். இடம் இருக்கிறது என்று நினைப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.